பதினாறு வயது காருக்கு எந்த இன்ஜின் ஆயில்?

என் சித்தப்பா மகன் பழைய ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஒன்று வாங்கியிருக்கிறான். எஃப்டி2 மாடல். 2009-இல் பதிவானது, 2019-இல் இன்னொரு பத்து வருடத்துக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது. சாவி கைக்கு வந்த முதல் ஞாயிறே எங்கள் புளோக் கார் பார்க்கில் வந்து நின்றான். டிக்கியைத் திறந்தால் உள்ளே நான்கு டின் 10டபிள்யூ-60.

"என்னடா இது?"

"ஆயில்ண்ணே. வித்தவருதான் சொன்னாரு. சிங்கப்பூர் வெயிலுக்குக் கெட்டியாத்தான் ஊத்தணுமாம். பழைய இன்ஜின் வேறயாம்."

இந்த அறிவுரையை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கார் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டில் கேட்டிருக்கிறேன், சின் மிங்கில் கேட்டிருக்கிறேன், மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் பக்கத்து ஷெட்டில் நின்றவரிடமும் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை இருப்பதால்தான் இது இன்னும் சாகாமல் இருக்கிறது. அன்று அவனுக்குச் சொன்னதையே, பழைய வேகக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டின்னில் இருக்கும் அந்த இரண்டு எண்கள்

டபிள்யூ என்பது 'வின்டர்', அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் சோதித்திருக்கிறார்கள், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25-இல். சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 19 டிகிரிதான். ஆகவே 0டபிள்யூவா, 5டபிள்யூவா, 10டபிள்யூவா என்று நம் ஊரில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது எண்தான் விஷயம். ஆயில் 100 டிகிரியில் இருக்கும்போது எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்கிறது. அளவு சென்டிஸ்டோக்கில். 30 என்றால் 9.3-லிருந்து 12.5-க்குள், 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள், 60 என்றால் 21.9-லிருந்து 26.1-க்குள்.

காய்ந்த தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டால் ஓடும். அடுப்புப் பற்றவைக்காத கல்லில் விட்டால் விட்ட இடத்திலேயே திரண்டு நிற்கும். இன்ஜினிலும் அதே கதைதான். நம் கார் பார்க்கில் விடியற்காலை 27 டிகிரி. நமக்கு அது வெக்கை, ஆயிலுக்கோ குளிர். வழக்கமான 5டபிள்யூ-40 ஒன்று அந்த நேரத்தில், சூடேறிய நிலையைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். 10டபிள்யூ-60 என்றால் அதைப்போல இன்னும் இரண்டு மடங்கு. தம்பி டிக்கியில் வைத்திருந்தது விளக்கெண்ணெய்க்குப் பக்கத்து வீட்டுக்காரன். (சும்மா சொல்லவில்லை. அந்தக் காலப் பந்தய இன்ஜின்களில் விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே அதிலிருந்து பிறந்ததுதான்.)

வெயிலுக்கும் ஆயிலுக்கும் உள்ள உறவு

வெளியே 33 டிகிரி என்றால் இன்ஜினுக்குள் ஆயிலும் அந்தக் கணக்கில் ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, தெர்மோஸ்டாட் என்ற வால்வு ஏறக்குறைய ஒரே சூட்டில் பிடித்து வைக்கிறது, சப்போரோவில் ஓடினாலும் சரி, செங்காங்கில் ஓடினாலும் சரி. ஆயிலின் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்கள் இன்ஜினை என்ன செய்கிறீர்கள் என்பதுதான். விரைவுச்சாலையில் 90-இல், ஆறாவது கியரில் போகும் டைப் ஆருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. என் காரில் ஃபில்டருக்கு அடியில் தட்டு வைத்து சென்சார் மாட்டியிருக்கிறேன். பிஐஇ விரைவுச்சாலையில் காலை நேரம் 88, 92 என்றுதான் காட்டும். நெரிசலில் நின்று நின்று போனால் நூறைத் தொடும். அவ்வளவுதான்.

செப்பாங் வேறு உலகம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்கோடு, நிமிடத்துக்கு 8000 முறைக்கு மேல் சுழலும் இன்ஜின். நான்காவது சுற்றில் என் மீட்டர் 130-ஐத் தாண்டியது. ஐந்தாவதில் காலைத் தளர்த்திவிட்டேன்.

இந்த இரண்டு எண்களையும் ஆயிலின் கெட்டியோடு சேர்த்துப் பாருங்கள். 90 டிகிரியில் இருக்கும் 30 ஆயில், 100 டிகிரியில் இருக்கும் 40 ஆயில் அளவுக்குக் கெட்டி. 60 ஆயிலோ 125 டிகிரிக்குப் பக்கம் போன பிறகுதான் அந்த அளவுக்கு இளகி வரும். அதாவது தம்பியின் 10டபிள்யூ-60, அவன் தெம்பனிஸிலிருந்து சாங்கி பிசினஸ் பார்க்குக்கு வேலைக்குப் போகும் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நாளும் தன் வேலைக்குரிய சூட்டை எட்டப்போவதில்லை.

ஆகவே எந்தக் கடைக்கும் போகுமுன் இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். ஒரு பயணம் எத்தனை நிமிடம்? வாரத்தில் எத்தனை முறை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது? வருடத்தில் எத்தனை முறை பந்தயத் தடத்துக்குப் போகிறது? ஆயில் சென்சார் இருந்தால் மிக நல்லது. டாஷ்போர்டில் இருப்பது கூலன்ட் முள், அதை ஆயில் முள்ளாக நினைத்துவிடாதீர்கள். அந்த முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்து நின்றுவிடும். ஆயில் சூடாக அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் இதைத் தெரிந்துதான், ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும் மஞ்சள் விளக்குகளை ஆர்பிஎம் வட்டத்தில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த விளக்கு இல்லையென்றால் பொறுமைதான் விளக்கு.

கையேடு என்ன சொல்கிறது

இரண்டாவது வேலை இது. ஜப்பானிலிருந்து நேரே இறக்குமதியான காரென்றால் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும், ஆயில் பக்கம் பெரும்பாலும் ஓர் அட்டவணைதான். அதில் ஒரே எண் இருக்காது. இரண்டு மூன்று எண் இருக்கும். எரிபொருள் சிக்கனத்துக்காக மெல்லியதை முதலில் போட்டிருப்பார்கள், கடுமையான ஓட்டத்துக்குக் கெட்டியானதைக் கீழே போட்டிருப்பார்கள். அந்த வேலிக்குள்தான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு குணம் உண்டு. இ46 எம்3-இன் எஸ்54 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60-ஐ பிஎம்டபிள்யூவே கேட்கிறது. அதற்கு அதை ஊற்றாமல் இருப்பதுதான் தப்பு. மிட்சுபிஷி ஈவோவின் 4ஜி63 இன்ஜினில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஆயில் நிறையும் சின்னக் குடுவைகள். ஆயில் அழுக்கானால் 'டிக் டிக்' என்று தட்ட ஆரம்பித்துவிடும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போன்ற டர்போ கார்களில் சூடான டர்போவுக்குள் நின்றுபோகும் ஆயில் கருகிப் படியும், அதனால் அங்கே கெட்டியைவிட ஆயிலின் தரமும் மாற்றும் இடைவெளியும் முக்கியம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் ரோட்டரி இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டுமென்றே எரிக்கிறது, அதற்கென்று ஒரு பம்பே உண்டு. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, இழுத்துப் பார்க்காதவர் அந்தக் காரை வாங்கக்கூடாது.

தம்பியுடைய காரில் இருக்கும் கே20ஏ இன்ஜினில் ஆயிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஹோண்டாவின் விடெக் என்ற வால்வு அமைப்பு வேலை செய்வதே ஆயில் அழுத்தத்தில்தான். குறிப்பிட்ட சுழற்சிக்கு மேல் ஒரு சின்ன வால்வு திறக்கும், ஆயில் பாய்ந்து, வால்வை அழுத்தும் ராக்கர்களுக்குள் இருக்கும் ஊசிகளைத் தள்ளும், வால்வை அதிகமாகத் திறக்கும் பெரிய கேம் வேலைக்கு வரும். நமக்குப் பிடித்த அந்தக் கத்தல் அப்போதுதான் கிளம்புகிறது. அந்த வால்வின் வாசலில் தேநீர் வடிகட்டியைப் போல நுண்ணிய சல்லடை ஒன்று இருக்கிறது. ஆயில் அழுக்காக இருந்தால் அதுதான் முதலில் அடைக்கும்.

"கெட்டியா ஊத்தினா பிரஷர் கூடுமில்லண்ணே, நல்லதுதானே?" என்று கேட்டான்.

கூடும். கொழுப்படைத்த ரத்தக் குழாயிலும்தான் பிரஷர் கூடுகிறது! நமக்கு வேண்டியது ஓட்டம். ஆயில் மிகக் கெட்டியாக இருந்தால் பம்பின் வடிகால் வால்வு திறந்து, ஒரு பகுதியை வந்த வழியே திருப்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே அனுப்பும். கெட்டி ஆயிலைக் கடைவதிலேயே கொஞ்சம் சக்தி வீணாகிச் சூடாக மாறுகிறது என்பது கொசுறு.

எந்த எண்?

தினசரி வேலை, சனிக்கிழமை ராத்திரி லிம் சூ காங் பக்கம் ஒரு சுற்று, வருடத்துக்கு ஒருமுறை மலாக்கா. இப்படி ஓடும் காருக்கு, கையேடு அனுமதிக்கும் 30 அல்லது 40 போதும். பதினாறு வயது இன்ஜின் என்பதால் நான் 40 பக்கம் சாய்வேன். பேரிங் இடைவெளிகள் கொஞ்சம் விரிந்திருக்கும், குறுகிய பயணங்களில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், அந்த இழப்புக்கு ஒரு கைப்பிடி கூடுதலாக இருக்கட்டும் என்பதால். செப்பாங்குக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை போகிறவருக்கும் நல்ல 5டபிள்யூ-40 போதும். மீட்டர் தொடர்ந்து 130-க்கு மேல் நிற்கிறது என்றால் 50-க்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஆயில் கூலர் ஒன்று மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். 60? கார் செய்தவன் கேட்டால் மட்டும்.

டின்னின் முதுகு

முன்பக்கம் இருப்பது விளம்பரம். 'ரேசிங்', 'எக்ஸ்ட்ரீம்', தீப்பிழம்புப் படம். 'ஃபுல் சிந்தெடிக்' என்பதும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். 1999-இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகளுக்கு இடையே வந்த விளம்பரத் தகராறுக்குப் பிறகு, நன்றாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெய்க்கும் அந்தப் பெயரை வைக்கலாம் என்றாகிவிட்டது. அது மோசமான ஆயில் என்று பொருளல்ல. அந்த வார்த்தைக்கு மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

திருப்பிப் பாருங்கள். ஏபிஐ என்ற அமெரிக்கத் தர முத்திரையைப் போட்டு எஸ்என், எஸ்பி என இரண்டு எழுத்து இருக்கும். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். உங்கள் காலத்துக் காருக்கு இரண்டும் சரி. அதைவிட நான் முதலில் தேடுவது ஏசிஇஏ என்ற ஐரோப்பிய முத்திரை. அதில் ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால், எச்டிஎச்எஸ் என்ற அளவு குறைந்தது 3.5 இருக்கும் என்று உறுதி. 150 டிகிரிச் சூட்டில், பேரிங்குக்குள் நடப்பதைப் போன்ற கடும் தேய்ப்பில் ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பதுதான் எச்டிஎச்எஸ். செப்பாங்கில் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றப்போவது டின்னில் இருக்கும் தீப்பிழம்பு அல்ல, இந்த 3.5-தான். ஏ5/பி5 என்றிருந்தால் அது சிக்கனத்துக்கான மெல்லிய ரகம். புதுக் காருக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்கைலைன் ஆர்பி26, டொயோட்டா 2ஜேஇஸட், 4ஏ-ஜிஇ போன்ற இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் கேம், வால்வுக்கு மேலிருக்கும் மூடியின் மீது வழுக்கித் தேய்கிறது. அந்தத் தேய்ப்பைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள் வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக, புதிய 20, 30 எண் சிக்கன ஆயில்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அடக்கிவிட்டார்கள். சி3-யிலும் 900-தான் உச்சம். ஆகவே இந்த இன்ஜின்களுக்கு ஏ3/பி4 40-ஐத் தேடுவது நல்லது. கே20ஏ-யில் கேம் உருளையின் மீது ஓடுவதால் தம்பிக்கு இந்தக் கவலை இல்லை. தனியாகச் சீசாவில் விற்கும் 'சேர்ப்பு மருந்து' எதையும் யாரும் வாங்க வேண்டாம்.

'அப்ரூவ்டு' என்பதும் 'மீட்ஸ்' என்பதும் ஒன்றல்ல. முதலாவது, கார் கம்பெனி சோதித்துக் கையெழுத்துப் போட்டது. இரண்டாவது, ஆயில்காரரே தனக்குக் கொடுத்துக்கொண்ட சான்றிதழ். போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ எல்எல்-01 என்று கேட்கும் கார்களுக்கு இந்த வேறுபாடு பெரியது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் நாள்

நான் ஆயிலையும் ஃபில்டரையும் நானே வாங்கிக்கொண்டு போவேன். கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிற கடைகள் நிறைய உண்டு. இதற்குக் காரணம் ஒரு பழைய காயம். சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் டிரம்மிலிருந்து ஊற்றித் தந்தார்கள். என்ன ஆயில் என்று கேட்டதற்கு, "நல்ல ஆயில்தான் பாஸ்". மறுநாள் செப்பாங்குக்குக் கிளம்பி, மலேசியாவுக்குப் போகும் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டி, கெலாங் பாத்தா பக்கம் முன்னால் போன லாரியை முந்த அழுத்தினேன். பின்கண்ணாடியில் நீலப் புகை. ஓரத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு இழுத்தால் மேல் துளைக்கும் மேலே கட்டை விரல் அளவு ஆயில் ஏறி நிற்கிறது, முனையில் சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னக் குமிழி. அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஆயிலைத் தொட்டு நுரையாக அடித்துவிடும். நுரை எந்தப் பேரிங்கையும் காப்பாற்றாது. அன்றைக்குச் செப்பாங் போகவில்லை, மெதுவாக வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆகவே ஆயில் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அங்கிள் முறைத்தாலும் பரவாயில்லை. டின்னின் மூடி வளையம் உங்கள் கண் முன் உடையட்டும். வடிகுழாய் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். அது நசுங்கி அடைப்பதற்கென்றே செய்த வாஷர், இரண்டாம் முறை ஒழுகும். ஹோண்டாவில் அந்த போல்ட்டின் இறுக்கம் 40 நியூட்டன்-மீட்டருக்குப் பக்கம்தான். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கினால் அலுமினியச் சம்ப்பின், அதாவது ஆயில் தொட்டியின், மரை போய்விடும். கையேடு சொல்லும் அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்ப்பதுதான் சரியான முறை.

பழைய காரை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள், முந்தையவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது என்றால் 'இன்ஜின் ஃபிளஷ்' செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வருடக்கணக்காகப் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்தால் போய்ச் சேரும் இடம் அந்த விடெக் சல்லடையோ, டர்போ ஆயில் குழாயோ, பம்பின் வாயோதான். அதற்குப் பதில் முதல் ஆயிலை 2000 கிலோமீட்டரில் மாற்றுங்கள், அடுத்ததை 4000-இல். நல்ல ஆயிலே மெதுவாகக் கழுவிவிடும்.

அதன் பிறகு சாலை ஓட்டத்துக்கு 7500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. பன்னிரண்டு நிமிடப் பயணக்காரர்கள் ஆறு மாதத்தை மறக்காதீர்கள். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும், சூடாகாத இன்ஜினில் நீராவியும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் அவை ஆவியாகிப் போகும். செப்பாங் போய் வந்தால் அந்த வாரமே மாற்றிவிடுவேன். என் மனைவி இதை வீண்செலவு என்பாள். இரண்டு டயர் விலையைச் சொன்னால் அமைதியாகிவிடுவாள்.

வீட்டுக் கார் பார்க்கில் தானே வடித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். செய்ய வேண்டாம். அங்கே கொட்டும் ஒவ்வொரு சொட்டும் மழையோடு வடிகாலுக்குப் போகும். இந்த ஊரில் பெரும்பாலான வடிகால்கள் முடியும் இடம் நாம் குடிநீர் எடுக்கும் நீர்த்தேக்கம். பழைய ஆயிலை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டால், உரிமம் பெற்றவர்கள் எடுத்துப் போவார்கள்.

பிறகு என்ன பார்ப்பது

சமதரையில் நிறுத்தி, வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக். போனில் தேதி, கிலோமீட்டர், அளவு என்று ஒரே வரி. 8000 வரை ஏற்றி ஓட்டும் கே20ஏ கொஞ்சம் ஆயில் குடிக்கும், பயப்பட வேண்டாம். 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரை நெருங்கினால் மட்டும் கவலைப்படுங்கள். பத்து வயது தாண்டிய காருக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு, ஆயில் எரிக்கும் இன்ஜின் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். சாலை வரிக்கு மேல் கூடுதல் கட்டணமும் கட்டி, சிஓஇ-க்கும் அவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு, அங்கே போய்த் தோற்றால் வயிறு எரியும்.

தம்பிக்குக் கடைசியில் ஏ3/பி4 முத்திரையுள்ள 5டபிள்யூ-40 வாங்கினோம். மாற்றிய மறுநாள் காலை, "அண்ணே, ஸ்டார்ட் பண்ணதும் சத்தம் கொறஞ்சிருச்சு" என்று செய்தி அனுப்பினான்.

அந்த நான்கு டின்? எங்கள் புளோக்கிலேயே மூன்றாம் மாடிக் கார் பார்க்கில் வெள்ளி நிற இ46 எம்3 ஒன்று நிற்கிறது. கண்ணாடியில் ஒரு சீட்டு எழுதிச் செருகிவைத்தான் தம்பி. அன்று ராத்திரியே அதன் சொந்தக்காரர் இறங்கி வந்து, டின்னை ஒவ்வொன்றாகத் திருப்பி முதுகைப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் பணத்தை எடுத்தார்.